வெள்ளம் குடித்த யானை

2006 ஜூன் 7, புதன்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம். மழை விடவில்லை. காலையில் நெடுமங்காட்டுக் கல்யாணக் கார்டை முடித்துவிட்டு மத்தியானம் சாலைக் கம்போளச் சந்தைக்குப் போய் கோமதிநாயகம் அண்ணாச்சியைப் பார்த்தேன். எட்டு வருஷமாக அவருடைய அச்சகத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். கார்டு, நோட்டீஸ், சபை மலர், இரங்கல் அறிவிப்பு, எல்லாம் இந்தக் கரமனை வீட்டு முன்னறையில், இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில்தான். ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. நானும் கேட்டதில்லை.

இன்றைக்குக் கேட்டேன். என் சொந்தப் புத்தகத்துக்கு. பிள்ளைகளுக்கு, இருபத்துநாலு பக்கம். போனக்காட்டு மலையிலிருந்து ஒரு யானை தாகம் எடுத்து ஆற்றோடு இறங்கிக் கரமனை வரைக்கும் வருகிறது. கதை என்னுது. படம் என்னுது. அச்சடித்துத் தருகிறேன் என்று போன மாதமே வாக்குக் கொடுத்திருந்தார்.

புரூஃபைத் திருப்பித் தந்தார். நான் 'வெள்ளம்' என்று எழுதின இடமெல்லாம் சிவப்பு வட்டம். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. நான் மலையாளக் கரைக்காரி, அவர் சங்கரன்கோவில்காரர். "வெள்ளம்னா ஊரை அடிச்சிட்டுப் போறதுல்லா? யானை குடிக்கது தண்ணி. ஒங்க மலையாளத் தமிழப் புஸ்தகத்துல ஏத்தாதிய" என்றார். நான் பிறந்ததிலிருந்து குடிப்பது வெள்ளம்தான் அண்ணாச்சி என்றேன். சிரித்தார். அட்டையில் என் பேர் எங்கே என்று கேட்டேன். "பேரு எதுக்கு? அச்சகத்துப் பேரு இருக்குல்லா" என்றார்.

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். பஸ்ஸில் எல்லாம் நன்றாக வருகிறது. நேரில்தான் வாய் ஒட்டிக்கொள்கிறது.

ஜூன் 9, வெள்ளி

போன் செய்து சொல்லிவிட்டேன். பேர் இல்லாவிட்டால் புத்தகம் வேண்டாம், வெள்ளம் வெள்ளமாகத்தான் இருக்கும் என்று. அவர் கோபப்படவில்லை, அதுதான் எரிச்சல். சரி, அப்படியானால் அச்சகத்துப் பூட்டைக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

பூட்டு என்றால் கட்டைவிரல் அளவு ஒரு பிளாஸ்டிக் கட்டை. பெட்டியின் முதுகில், பிரிண்டர் வயர் மாட்டுகிற இடத்தில் சொருகியிருக்கும். அது இருந்தால்தான் தமிழ் எழுத்து வரும். அவர் வாங்கிக் கொடுத்தது, அவர் கேட்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாலையில் அச்சகத்தில் வேலை பார்க்கிற இசக்கி சைக்கிளில் வந்தான். பிடுங்கிக் கையில் கொடுத்தேன். அவனுக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடம். சாயா குடித்துவிட்டுப் போ என்றேன். நிற்காமல் போய்விட்டான்.

ஜூன் 10, சனி

பெட்டியில் என் புத்தக ஃபைலைத் திறந்தேன். யானை என்று இருந்த இடத்தில் ஒரு பவுண்டு அடையாளம், மீசை மாதிரி இரண்டு நெளிவு, ஒரு கேள்விக்குறி. இருபத்துநாலு பக்கமும் இப்படியே. அப்படியென்றால் எட்டு வருஷமாக நான் அடித்தது தமிழே இல்லையா? தமிழ் மாதிரித் தெரிந்த வேறென்னவோ. காட்டுவதும் மறைப்பதும் இன்னொருத்தர் மேசை டிராயரில் கிடக்கிற ஒரு கட்டையின் கையில்.

புதுசாக ஒரு பூட்டு வாங்கினால் போச்சு என்றார் இவர், என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். எவன் விற்றாலும் பூட்டு பூட்டுதான். பின்னே கார்டு வேலை யார் தருவா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் சொன்னேன், ஆனால் கத்திச் சொன்னேன்.

ஜூன் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து சஜியிடம் சொன்னேன். பாட்டுக் குழுவில் என் பின்வரிசையில் நிற்கிறவன், மின்சார ஆபீஸில் கிளார்க். இந்த ஊரில் சுதந்திர மென்பொருள் என்று கூட்டம் கூடிப் பேசுகிறார்களே, அதில் இவனும் உண்டு. பூட்டுக் கதையைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கஷ்டத்தில் இவனுக்கு என்ன சந்தோஷம் என்று முறைத்தேன். பையிலிருந்து காகித உறை போட்ட ஒரு சிடியை எடுத்தான். லினக்ஸாம். தபாலில் சும்மா வருமாம். காப்பி எடுத்து யாருக்கும் கொடுக்கலாமாம்.

"பயப்படண்டா சேச்சி. இதுக்குப் பூட்டும் இல்ல, மொதலாளியும் இல்ல" என்றான்.

சும்மா வருவதில் என்ன இருக்கப் போகிறது என்று வீட்டில் இவர் முணுமுணுத்தார். சுவிசேஷமும் சும்மாதானே வந்தது என்றேன்.

ஜூன் 24, சனி

போட்டாயிற்று. விண்டோஸும் இருக்கட்டும், ஓரமாக இதையும் வைக்கலாம் என்று சஜி சொல்லியிருந்தான். பெட்டி என்னிடம் கேட்டது, பழையது எல்லாவற்றையும் அழிக்கவா என்று. ஓரமாக வைத்தால் நாளைக்கே அங்கே ஓடுவேன், என்னை எனக்குத் தெரியும். அழி என்று கொடுத்துவிட்டேன். படமெல்லாம் காகிதத்தில் இருக்கிறது, கதை நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. பெட்டிக்குள் இருந்தது மீசையும் கேள்விக்குறியும்தானே.

ஜூன் 25, ஞாயிறு

லினக்ஸில் என் ஸ்கேனர் ஓடவில்லை, படத்தை உள்ளே ஏற்ற முடியாது. யாரோ என் கையை முறித்த மாதிரி இருக்கிறது. ஆராதனைக்குப் போகவில்லை.

ஜூலை 1, சனி

தமிழ் வருகிறது! பூட்டு இல்லாமல், யாருடைய தயவும் இல்லாமல்.

ஆனால் என் விரல் கேட்க மாட்டேன் என்கிறது. டைப்ரைட்டிங்கில் 'கெ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க. பூட்டுப் போட்ட தமிழிலும் அதே முறைதான். இங்கே முதலில் க அடிக்க வேண்டும், பிறகு கொம்பு, அது தானாகத் துள்ளி முன்னால் போய் நிற்கிறது. நான் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்தால் அது ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அநாதையாக நிற்கிறது. இன்றைக்கு மட்டும் இருநூறு அநாதைகளாவது இருக்கும். சவத்தெழவு பெட்டி என்று திட்டினேன். திட்டித் திட்டி நாலு பக்கம் முடித்தேன்.

நோட்டைப் பார்த்து அடிக்கும்போது ஒரு காரியம் நடந்தது. நோட்டில் என் கையெழுத்தில் 'வெள்ளம்' என்று இருக்கிறது, என் விரல் 'தண்ணீர்' என்று அடிக்கிறது. யாரும் சொல்லவில்லை. சிவப்பு வட்டம் என் விரலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. எட்டு வருஷம் அவர் திருத்தியது என் கார்டை என்றல்லவா நினைத்தேன்.

அழித்துவிட்டு 'வெள்ளம்' அடித்தேன். வாட்டர் அதாரிட்டியில் மீட்டர் பார்க்கிற இவர் நாள் முழுக்க எழுதுவது 'வெள்ளக்கரம்' என்றுதான். இந்த வீட்டில் குழாய் திறந்தால் வருவது வெள்ளம். நான் அதைத்தான் எழுதுவேன்.

ஜூலை 13, வியாழன்

ஸ்கேனர் இல்லாமலே வழி கண்டுபிடித்தேன். கண்ணாடித் தாளில் படத்தைக் கறுப்பு மார்க்கரால் எடுத்து, அந்தத் தாளை மானிட்டர் கண்ணாடியில் ஒட்டி, மவுஸைக் கோட்டின் மேலேயே நடத்திக்கொண்டு போகிறேன். இங்க்ஸ்கேப் என்கிற வரைகிற புரோகிராமில். மூன்று நாள், ஒரு தும்பிக்கை. கோடு தடியாக, நடுங்கி வருகிறது. தூரிகையில் நான் போட்ட யானை மெலிசு, அழகு. இது தடிச்சி. ஆனால் பார்க்கப் பார்க்க இந்தத் தடிச்சியைத்தான் எனக்குப் பிடிக்கிறது.

இவர் எட்டிப் பார்த்து, இது யானையா இல்லை எங்க ஆபீஸ் டேங்கா என்று கேட்டார். கொள்ளாம், நல்ல யோசனை, வயிற்றை இன்னும் பெரிசாக்குகிறேன் என்றேன்.

ஜூலை 20, வியாழன்

இசக்கி வந்தான். போன வருஷம் செய்த ஒரு கார்டின் ஃபைல் வேண்டுமென்று அண்ணாச்சி அனுப்பியிருக்கிறார். அழிந்து போயிற்று என்றேன். போய்ச் சொல்வதற்குப் பயந்தானோ, மழைக்குப் பயந்தானோ, வாசலிலேயே நின்றான். உள்ளே வந்து உட்கார் என்றேன். இந்தத் தடவை சாயா குடித்தான். குடித்துக்கொண்டே திரையில் இருந்த பக்கத்தை வாய்விட்டு வாசித்தான்: 'யானை வெள்ளம் குடித்தது.' வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"ஏயப்பா, வெள்ளத்தையே குடிச்சிட்டா? தொண்ணூத்திரெண்டுல தாமிரபரணி ஊருக்குள்ள ஏறினப்ப இந்த யானைய எங்கன கெட்டிப் போட்டிருந்திய?"

அவன் அம்பாசமுத்திரத்துக்காரன். அந்தத் தண்ணீரில் அவர்கள் வீட்டுச் சுவர் போயிருக்கிறது, தெருப் பக்கத்துச் சுவர் முழுசாக. அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மழை விட்டதும் போய்விட்டான்.

எனக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. யானை வெள்ளம் குடித்தது. நான் எழுதியதும் அதுதான், அவன் வாசித்ததும் அதுதான். இரண்டும் வேறு வேறு. தண்ணீர் என்று திருத்தியிருந்தால் இசக்கி அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பான். என் கதையில் யானைக்குத் தாகம் தீர்ந்தது, அவ்வளவுதானே. அவன் கதையில் ஒரு ஊர் பிழைக்கிறது. எந்தக் கதை பெரிசு?

ஜூலை 22, சனி

கடைசிப் பன்னிரண்டு பக்கத்தையும் கிழித்தேன். யானை கரமனைக்கு வந்து குடிக்கத் தொடங்கும்போது மழை பிடிக்கிறது, ஆறு ஏறுகிறது, யானை நிறுத்தாமல் குடிக்கிறது. வெள்ளம் குடிக்கக் குடிக்க வெள்ளம் வடிகிறது. ஒரே சொல், அதை மாற்றவே வேண்டியதில்லை. எண்ணி வைத்த மாதிரி இப்போதும் பத்தொன்பது வருகிறது.

ஆகஸ்ட் 2, புதன்

வயிறு பக்கத்தில் அடங்கவில்லை. பதினேழும் பதினெட்டும் சேர்த்து ஒரே வயிறு. உள்ளே படகு, தென்னை, ஒரு ஆட்டோ, ஒரு தபால் பெட்டி. நாலு மணி நேர வேலை. சேமிக்காமல் இருந்தேன், கரண்ட் போயிற்று.

அழுதேன். எழுதி வைக்கிறேன், பரவாயில்லை. எதுக்கடி உனக்கு இந்தப் பொல்லாப்பு, பேசாம கார்டு அடிச்சிட்டுக் கெடந்திருக்கலாம்லா? மேசையில் தலையை வைத்து அப்படியே இருந்தேன். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவினார். கரண்ட் வந்தது. தபால் பெட்டியிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

ஆகஸ்ட் 19, சனி

முடிந்தது. கடைசிப் பக்கத்தில் வடிந்த தெரு, தெருவில் ஒரு வீடு, அதன் தெருப் பக்கத்துச் சுவர் நிற்கிறது. ஒரு செங்கல்கூட விழவில்லை.

இசக்கி சொல்லியிருப்பான் போல, அண்ணாச்சி போன் செய்தார். நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று தொடங்கினார். இந்த ஊரில் எந்த அச்சகமும் என் ஃபைலைத் திறக்காது, எல்லாரிடமும் இருப்பது ஒரே முறை, ஒரே பூட்டு என்றார். அவர் சொல்வது உண்மையாக்கும். விசாரித்துவிட்டேன். பாளையத்தில் மூன்று அச்சகக்காரர்களும் கையை விரித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

சஜி வந்தான். ஒரு வழி இருக்கிறது என்றான். எழுத்தை எழுத்தாக அனுப்பாமல் கோடாக மாற்றி, யானையைப் போலவே எழுத்தையும் படமாக்கி, பி.டி.எஃப் ஆகக் கொடுத்தால் எந்தப் பெட்டியும் திறக்கும், எழுத்தே தேவைப்படாது. மாற்றின ஃபைலில் பிறகு ஒரு புள்ளிகூடத் திருத்த முடியாது, அதனால் மூல ஃபைலைப் பத்திரமாக வைத்துக்கொள் சேச்சி என்றான். ஒவ்வொரு பக்கமாக மாற்றினேன். பாளையத்தில் முதலில் கையை விரித்த அதே மனுஷன் சிடியைப் போட்டான். திறந்தது. என் தமிழ் அவன் திரையில், ஒரு மீசை இல்லை. "இது எங்கே செய்தது?" என்று மலையாளத்தில் கேட்டான். என் வீட்டு முன்னறையில் என்றேன்.

செப்டம்பர் 18, திங்கள்

ஐந்நூறு பிரதி வந்தது. 'எழுத்து, படம், பக்க அமைப்பு: ஜெயபாய்.' வேறு யார் பெயரும் இல்லை. ஒரு தடவை வாசித்தேன், பிறகு ஒரு தடவை. இவர் மூக்கருகே வைத்து மை வாசம் பிடித்துவிட்டு, டேங்க் நல்லா வந்திருக்கு என்றார்.

செப்டம்பர் 20, புதன்

இசக்கி ஒரு கவர் கொண்டுவந்தான். உள்ளே பூட்டு. கல்யாண சீசன் வருகிறது, வேலை குவிந்து கிடக்கிறது, பழையபடி செய்யலாம் என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார். பழையபடி!

கட்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். இதற்காகவா அன்றைக்கு அப்படிப் பதறினேன்? அதே கவரில் திருப்பிப் போட்டேன். கூடவே ஒரு புத்தகம். அட்டையில் என் பெயரைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், அவர் போடுகிற மாதிரியே. கார்டு வேலை வேண்டுமானால் செய்கிறேன், என் முறையில், என் பெட்டியில், கீழே என் பெயரோடு என்று ஒரு துண்டுச் சீட்டு.

இசக்கிக்குத் தனியாக ஒன்று. கடைசிப் பக்கத்தைத் திருப்பி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நேரா நட்டமா நிக்கி" என்றான். புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் ஏறினான்.

செப்டம்பர் 27, புதன்

புத்தகம் திரும்பி வந்தது. கூட மூன்று கல்யாணக் கார்டுக்கான விவரம், அண்ணாச்சி கையெழுத்தில். ஒவ்வொன்றின் அடியிலும் 'அமைப்பு: ஜெயபாய்' என்று அவரே எழுதியிருக்கிறார். வேறு ஒரு சொல் இல்லை.

திருப்பி அனுப்பினாரே என்று கொதிப்போடு புத்தகத்தைப் புரட்டினேன். அவர் வாசித்திருக்கிறார், பென்சில் நுனி வரிவரியாக நடந்த தடம் தெரிகிறது. பத்தொன்பது வெள்ளத்தில் ஒன்றின் மேலும் மை படவில்லை. பதினொன்றாம் பக்கத்தில் மட்டும், 'குடித்து பார்த்தது' என்பதன் நடுவே, எறும்பு அளவில் ஒரு சிவப்பு 'ப்'.

எனக்கு வந்த கோபம்! இருபத்துநாலு பக்கத்தில் இதுதான் கண்ணில் பட்டதா? பிறகு நோட்டைப் பார்த்தேன், அதில் 'ப்' இருக்கிறது. அவர் சொன்னதுதான் சரி. ஐந்நூறு பிரதியிலும் அந்தப் 'ப்' இல்லை.

பெட்டியில் மூல ஃபைலைத் திறந்தேன். பதினொன்றாம் பக்கம். ப அடித்தேன், புள்ளி வைத்தேன், சேமித்தேன். யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.