அடையாளம் தெரியாத பெண்ணின் நிழல்

12.1.2026, செஞ்சி

கடைவீதிக் கல்யாண மண்டபத்தில் பாண்டுரங்கனின் புகைப்படக் கண்காட்சி. நடுச்சுவரில், எல்லாவற்றிலும் பெரியதாக, நான் எடுத்த படம்.

கிருஷ்ணகிரி மலையின் மேற்கு அடிவாரத்தில் ஒரு சின்ன மண்டபம். தூண்களுக்கிடையே வெயில் சாய்ந்து விழுகிறது. பின்சுவரில், இடுப்பில் கைவைத்து நிற்கும் ஒரு பெண்ணின் நிழல். கல்யாணமான புதிதில் எடுத்தது. நிழல் என் மனைவி மனோரமாவுடையது. எங்கள் பத்திரிகையின் இருட்டறையைப் பார்த்துக்கொண்ட பாண்டுரங்கனிடம் பிலிமைக் கழுவக் கொடுத்தேன். வீணாகிவிட்டது என்றான். நம்பினேன்.

படத்தின் கீழே: 'அடையாளம் தெரியாத பெண். படம்: பாண்டுரங்கன்.'

இரண்டாவது வரியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முதல் வரியை— எப்படி?

13.1

மனோரமாவிடம் சொன்னேன்.

"மூஞ்சியே இல்லாத படத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்? மாத்திர போட்டீங்களா?"

உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "அடையாளம் தெரியாதவளாமா? எத்தினி வாட்டி என் கையால துன்னிருக்கான்!"

விடமாட்டேன் அவனை.

17.1

போலீஸ், வழக்கு எதுவும் வேண்டாம். நிருபர் வேலையில் நான் கற்றது ஒன்றுதான்: குற்றம் சாட்டாதே, கேள்வி கேள், பதிலை அப்படியே போடு.

கண்காட்சிக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "இந்தப் படம் எந்த நேரத்தில் எடுத்தது?"

"காலைலதான்ணா. மொத வெயிலு. அத மறக்க முடியுமா?"

"நாங்களும் அந்த வெயிலைப் பார்க்கலாமா?"

"தாராளமா வாங்க, எல்லாருமே!" கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கறுப்பு வெள்ளையில் காலையும் மாலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இருட்டறையில் இருந்தவன் எந்த வெயிலைக் கண்டான்?

18.1

அமாவாசை. மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் பேருந்துகளால் சாலை அடைத்துக் கிடந்தது. கோட்டைக்குப் போவது தள்ளிப்போனது. காத்திருப்பது இனிப்பாகக்கூட இருக்கும் போல.

20.1

கோட்டை திறந்ததும் பாண்டுரங்கனோடு எல்லோரும் போனோம். மண்டபத்தின் பின்சுவர் இருட்டாக இருந்தது.

"மேகம்ணா" என்றான். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை.

"சார், கிழக்கால மலையே குறுக்க நிக்குதே" என்றாள் உள்ளூர்ப் பத்திரிகையின் ஷோபனா. எல்லோரையும் மாலை வரை இருக்கச் சொன்னேன். புளிசாதம் கொண்டுபோயிருந்தோம், அவனுக்கும் கொடுத்தாள் மனோரமா.

மாலையில் வெயில் தூண்களுக்கிடையே வந்தது. மனோரமாவை நான் கூப்பிடவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் தானாக எழுந்து போய், இடுப்பில் கைவைத்து நின்றாள். முதுகு வளைந்துவிட்டது. ஆனால் அந்த முழங்கை, தலையின் அந்தச் சாய்வு... சுவரில் அதே நிழல்.

"இன்னா பாண்டு, இப்ப அடையாளம் தெரியுதா?"

அவன் நழுவப் பார்த்தான். வெயிலைக் கடந்தபோது அவன் நிழலும் சுவரில் விழுந்தது. இரண்டு நிழலையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டேன்.

25.1

கண்காட்சியிலிருந்து பழைய படத்தை இறக்கிவிட்டார்கள். ஷோபனாவின் பத்திரிகையில் புதுப் படம் வந்திருக்கிறது. கீழே உள்ள வரி நான் எழுதிக்கொடுத்தது. மனோரமா வாய்விட்டுப் படித்தாள்:

'இடது: மனோரமா. வலது: அடையாளம் தெரியாத ஆண்.'

இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.