மஞ்சள் தேய்த்த விளக்கு

4 மார்ச் 2025, செவ்வாய்

இன்றைக்கு இரண்டு பைக் ஹாரன், ஒரு ஆட்டோ செல்ஃப் மோட்டார். நான்கு வருடம் எலெக்ட்ரிகல் படித்தவன் ஆறுமுகநேரி ரோட்டோரம் உட்கார்ந்து ஹாரன் மாற்றுகிறேன். ஓசூர் கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்தது, மறுபடி கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எட்டு மாதம் ஆகிறது. கூப்பிட மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும்தான் தெரியாது.

சாயங்காலம் சங்கரலிங்கம் அண்ணாச்சி கடைக்கு வந்தார். உப்பளம் வைத்திருப்பவர். புதிதாக மினி டிராக்டர் எடுத்திருக்கிறார். பெரிய டிராக்டர் ஏறினால் உப்பளத்து வரப்பு உட்கார்ந்துவிடும், அதனால் சின்னது. வெயில் ஏறுவதற்குள் வேலை முடியட்டும் என்று இந்த வருடம் விடியக்காலை நாலு மணிக்கே உப்பு அள்ள ஆள் இறக்குகிறாராம். வண்டியோடு வந்த விளக்கின் வெளிச்சம் அதற்குப் பத்தவில்லை.

"பளிச்சுன்னு ஒண்ணு போட்டுக் குடுப்பா. இது ஒழுங்கா அமைஞ்சுதுன்னா அளத்துல உள்ள மோட்டாரு, பம்பு, வண்டி எல்லாத்தயும் உன் கையிலேயே விட்டுருதேன்."

நிரந்தர வேலை. அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எழுந்து நின்று, கர்த்தர் வேலை தந்தார் என்று சாட்சியே சொல்லிவிடுவாள்.

6 மார்ச், வியாழன்

வேலை முடிந்தது. ஒரு நாள் முழுக்க. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்பு வளைவின் உச்சியில் முன்பக்கம் பார்த்து ஒரு நீள எல்.இ.டி. பட்டை, நூற்றிருபது வாட். பின்னால் டிரெய்லரைப் பார்த்து இரண்டு சின்ன விளக்கு. ரிவர்ஸ் எடுத்தால் கத்துகிற பஸ்ஸர். போன் சார்ஜர். எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃப்யூஸ், பெரிய விளக்குக்கு ரிலே. உப்புக்காற்றில் வண்டியின் இரும்பையே எர்த்தாக நம்ப முடியாது, அதனால் எர்த்துக்கும் தனி வயரை பேட்டரி வரைக்கும் இழுத்தேன். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஸ்லீவ் போட்டு சூடாக்கி மூடினேன். இந்த வட்டாரத்தில் எவன் இப்படிச் செய்வான்?

வண்டிக்கு டிரைவர் யாரென்று பார்த்தால் முத்துச்செல்வம். பத்தாம் வகுப்பில் என் பக்கத்து இடம். கணக்கில் ஃபெயிலாகி, படிப்பை விட்டுவிட்டு அளத்துக்குப் போனவன்.

"ஏலே ஷாமு! இஞ்சினியர் ஆயிட்டேன்னாவ, இங்கன வந்து பாத்தா ஹாரனுக்கு வைத்தியம் பாக்க?"

சிரிக்கவில்லை நான். அவனும் விடவில்லை. மதியம் வரை பக்கத்திலேயே நின்றுகொண்டு யோசனை சொன்னான்.

"மேல வேண்டாம்லே. கீழ பம்பர்ல மஞ்ச லைட்டு ரெண்டு போடு. உப்புல வெள்ள வெளிச்சம் பட்டா எதிர வாரவளுக்குக் கண்ணு அவிஞ்சிரும்."

வெளிச்சம் கூடினால் தெளிவாகத் தெரியும், இது ஃபிசிக்ஸ் என்றேன்.

"உன் ஃபிசிக்ஸு அளத்துல உப்பு அள்ளிருக்கா?"

அண்ணாச்சி சிரித்தார். எனக்குச் சுள்ளென்றது. கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கியவன் எனக்கு விளக்கு எங்கே மாட்டுவதென்று சொல்கிறான். கடைச் சுவருக்கு முன் வண்டியை நிறுத்தி எரியவைத்துப் பார்த்தேன். பட்டப்பகலிலும் சுவர் வெளுத்தது. மேலேயே இருக்கட்டும்.

9 மார்ச், ஞாயிறு

ஆலயம். பிரசங்கம் காதில் விழவில்லை. அளத்து வேலையையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

12 மார்ச், புதன்

பம்ப் மோட்டார் பார்க்க அளத்துக்குப் போனால், என் விளக்கின் மேல் நனைந்த சாக்கு! பட்டையை முழுக்க மூடி, சணலால் கட்டி. வெளிச்சம் சாக்கு வழியே கசிகிறதாம், அதுதான் அவர்களுக்குச் சரியாக இருக்கிறதாம். எல்.இ.டி.க்குப் பின்னால் தகடு தகடாக எதற்கு வைத்திருக்கிறான் கம்பெனிக்காரன், சூடு வெளியேறத்தானே? மூடினால் வெந்து போகும். உப்புத்தண்ணீரில் நனைத்த சாக்கு வேறு.

கத்தினேன். முத்துச்செல்வம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "பொம்பளையளு சொல்லுதாவ, கூசுதுன்னு. நான் என்ன செய்ய?"

நேரே அண்ணாச்சியிடம் போனேன். இப்படிச் செய்தால் விளக்குக்கு நான் பொறுப்பில்லை என்றேன். அவர் அங்கேயே அவனைக் கூப்பிட்டு, இனி சாக்கு கீக்கு கட்டினால் வண்டிச் சாவியை வைத்துவிட்டுப் போய்விடு என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?

20 மார்ச், வியாழன்

எழுதும்போதும் எரிச்சலாக இருக்கிறது. இன்று காலை போனால் விளக்கு முழுக்க மஞ்சள் பூசியிருக்கிறார்கள். அரைத்த மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, கண்ணாடி தெரியாமல் அப்பி! நூற்றிருபது வாட் விளக்குக்கு மஞ்சக்காப்பு!

இது என்ன பூசை என்று கேட்டேன்.

முத்துச்செல்வம் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு சொன்னான். "லைட்டு வயசுக்கு வந்துட்டுலே. மஞ்ச தேச்சித் தலைக்கு ஊத்திருக்கோம். தாய்மாமன் நீதான், சீர் எங்க?"

உப்புக் கூடையோடு வந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். இசக்கித்தாய் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். ஐம்பது வயது இருக்கும்; சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, காலில் ரப்பர் பூட்ஸ். அங்கே கூடை சுமப்பவர்களில் மூத்தவள். மஞ்சளை அரைத்து வந்ததே அவள்தான்.

"நாந்தான் தேச்சேன் தம்பி. கொஞ்ச மஞ்ச இருந்துட்டுப் போட்டும், விடு."

விடவில்லை. சாமி கும்பிட வேண்டுமென்றால் கோயிலுக்குப் போங்கள் என்றேன். டப்பாவில் இருந்த தின்னரைத் துணியில் ஊற்றி, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் துடைத்தேன். அரை மணி நேரம். யாரும் சிரிக்கவில்லை அப்போது. கண்ணாடி கண்ணாடி மாதிரி ஆனது. எனக்குத் திருப்திதான்.

21 மார்ச், வெள்ளி

இசக்கித்தாய் அக்கா விழுந்துவிட்டாள். காலை நாலே முக்கால். வலது மணிக்கட்டு.

22 மார்ச், சனி

விவரம் தெரிந்தது. தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் எதிரே வந்திருக்கிறாள். வண்டி முப்பதடி தள்ளி நின்றதாக முத்துச்செல்வம் சொல்கிறான், பத்தடிதான் என்று அளத்து மேஸ்திரி சொல்கிறார். அவள் வரப்பை விட்டு வெளியே கால் வைத்து, கூடையோடு பாத்திக்குள் விழுந்திருக்கிறாள். எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. தோல் கிழிந்த இடத்தில் உப்புத்தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் கத்தினாளாம்.

போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்கு.

24 மார்ச், திங்கள்

போகவில்லை.

அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். "விளக்குல கோளாறு இருந்துதான்னு மட்டும் பாத்து, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துருப்பா. நாளைக்கு லேபர் ஆபீஸ்ல எவனாவது கேட்டான்னா வேணும்லா."

வோல்டேஜ் பார்த்தேன், ஆம்பியர் பார்த்தேன், வயரிங் முழுக்கப் பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன்: "முன்விளக்கு முழுத் திறனில் எரிகிறது. மின்கோளாறு ஏதுமில்லை." கையெழுத்து, டிகிரி, தேதி.

ஒரு வார்த்தை பொய் இல்லை.

25 மார்ச், செவ்வாய்

முத்துச்செல்வத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். என் பேப்பரைக் காட்டித்தான். இவ்வளவு வெளிச்சம் இருந்தும் ஆள் வருவது தெரியாமல் கிட்டே கொண்டுபோயிருக்கிறாய் என்று.

கடைக்கு வந்தான். கத்துவான் என்று ஸ்பேனரைக் கீழே வைத்தேன். கத்தவில்லை.

"நான் அவளப் பாத்தேம்லே. அவளுக்குத்தான் வரப்பு தெரியல."

அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரிகிறது, நடக்கிறவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஒரே வெளிச்சம்தானே? எழுதி எழுதி அடிக்கிறேன். தூக்கம் வரவில்லை.

27 மார்ச், வியாழன்

நாலு மணிக்கு அளத்துக்குப் போனேன். புதிய டிரைவர் ரெக்ஸிடம் விளக்கைப் போட்டு அப்படியே நில் என்றேன். ஒரு கூடையில் பாதி உப்பு அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வரப்பின் மறுமுனையிலிருந்து வண்டியைப் பார்த்து நடந்தேன்.

பத்து எட்டு வைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இருட்டு இல்லை — வெள்ளை. மேலே விளக்கு வெள்ளை, இரண்டு பக்கமும் பாத்தி வெள்ளை, தண்ணீரில் அதே விளக்கு இன்னொன்று. கூடை இருக்கிறது, தலையைக் குனிய முடியாது. கையால் கண்ணை மறைக்க முடியாது, கூடையைப் பிடிக்க வேண்டும். வரப்பு எங்கே? என் கால் எங்கே? நின்றேன். கண்ணை மூடினால் மூடிய கண்ணுக்குள்ளும் வெள்ளை.

பின்னால் வந்த ஒருத்தி சொன்னாள், "ஓரமா போயிராத தம்பி. இடது கால தேச்சி தேச்சி வையி. அப்படித்தான் நாங்க வாரோம்."

கண்ணுக்கு மஞ்சள் உறுத்தாது. சிதறாது. கீழே இருந்தால் முகத்தில் அடிக்காது, வரப்பில் மட்டும் விழும். எட்டாம் வகுப்பு ஒளியியல். அதை அவர்கள் மஞ்சளும் எண்ணெயும் வைத்துச் செய்திருந்தார்கள். நான் தின்னர் போட்டுத் துடைத்தேன். பூசை என்று நினைத்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை ஒழுங்காகக் கேட்டேனா? முதல் நாளே சொன்னானே — சொன்னானே அவன்!

28 மார்ச், வெள்ளி

இன்னொரு பேப்பர் எழுதினேன். விளக்கின் நிறமும் உயரமும் தவறு, எதிரே வருபவரின் கண்ணை அது மறைக்கும், பொருத்தியவன் நான், டிரைவர் மீது தவறில்லை. கையெழுத்து, டிகிரி, தேதி.

அண்ணாச்சி இரண்டு தடவை படித்தார்.

"விளக்கு தப்புன்னா யாரு தப்பு? போடச் சொன்ன நான்லா? ஏற்கெனவே ஒண்ணு எழுதித் தந்துருக்க. அதுவும் உன் கையெழுத்துதான், இதுவும் உன் கையெழுத்துதான். எத நம்ப?"

பேப்பரை மடித்து மேசை டிராயரில் போட்டார். முத்துச்செல்வத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். அதை அப்புறம் பார்ப்போம் என்றார். பிறகு, ரொம்ப அன்பாக: "விளக்கத்தான மாத்தணும்? மாத்திக்க. சத்தமில்லாம மாத்திக்க. ஒண்ணாந்தேதியில இருந்து நீயே இங்க வந்துரு."

வர முடியாது என்று சொல்ல வேண்டிய இடம். நான் சொன்னது — "சரி அண்ணாச்சி."

30 மார்ச், ஞாயிறு

ஆலயத்துக்குப் போகவில்லை. இரண்டாவது பேப்பரின் நகலை எடுத்துக்கொண்டு முத்துச்செல்வம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று படித்தான்.

"நல்லாத்தான் எழுதிருக்க. இத வச்சு நான் என்ன செய்ய? உப்புத் தொட்டுத் திங்கவா?"

லேபர் ஆபீஸுக்குப் போ, நான் வந்து சொல்கிறேன் என்றேன்.

"அளத்துல சம்பளம் வாங்கிக்கிட்டே வந்து சொல்லுவியாக்கும்?"

தெரிந்திருக்கிறது அவனுக்கு. ஊருக்கே தெரிந்திருக்கும். பேப்பரை என் சட்டைப் பையில் செருகிவிட்டுக் கதவைச் சாத்தினான். ஓங்கிச் சாத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை.

1 ஏப்ரல், செவ்வாய்

வேலையில் சேர்ந்தேன். அம்மா அழுதாள், சந்தோஷத்தில்.

பட்டையைக் கழற்றினேன். பம்பரில் கீழ்நோக்கி இரண்டு மஞ்சள் விளக்கு. நாற்பது நிமிட வேலை.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

முத்துச்செல்வம் தூத்துக்குடி போய்விட்டானாம். ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறானாம். மேஸ்திரி சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

10 ஜூன், செவ்வாய்

இசக்கித்தாய் அக்கா நேற்றுமுதல் வேலைக்கு வருகிறாள். கை கோணலாகக் கூடியிருக்கிறது, கூடை தூக்க முடியாது. பாத்திக்குத் தண்ணீர் பாய மடை திறந்துவிடும் வேலை கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் மண்வெட்டி போடுகிறாள். "சாப்ட்டியா தம்பி" என்று கேட்டாள். எப்போதும் கேட்பது மாதிரியே. சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு பம்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

விடியக்காலை பம்ப் அறைக்குப் பக்கத்தில் ரெக்ஸ் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணே, வெளிச்சம் பத்தலண்ணே. பளிச்சுன்னு வெள்ளையா ஒண்ணு மேல மாட்டிக் குடுங்களேன்."

பத்தும், போ என்றேன்.

வண்டி வரப்பில் திரும்பியது. மங்கலான மஞ்சள், மண்ணில் மட்டும் விழுந்தது. அக்கா வரப்போரமாக மண்வெட்டியோடு நின்றிருந்தாள். வண்டி வருவது கேட்டதும், விளக்கைப் பார்க்காமலே, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கோணல் கையால் முந்தானையை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வண்டி அவளைக் கடந்து போனது. அவள் முந்தானையை எடுக்கவில்லை.