சுட மறுத்த ரோபோ

14.7.1996, ஞாயிறு

கதை வாசிப்புக் கூட்டத்தில் இன்று கதிர்வேலு தன் கதையைப் படித்தான். கொல்வதற்கென்றே செய்த ரோபோ ஒன்று, கிணற்றுத் தண்ணீரில் தன் உருவத்தைப் பார்த்து, 'இது நான்' என்று உணர்கிறது. அதன்பின் யாரையும் சுட மறுக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"புரோகிராம்ல இல்லாததை மெஷின் எப்படிங்க செய்யும்?" என்று கேட்டேன்.

"புள்ளைகளை நாமதானுங்க வளர்த்தறோம். சொன்னபடியேவா கேக்குதுக?" என்றான். மறுபடியும் கைதட்டல்.

என் கதைகளில் இரண்டு பக்கம் தாண்டாத என் மனைவி சரோஜாவும் கூட்டத்துக்கு வந்திருந்தாள். திரும்பும்போது பஸ்ஸில் வழியெல்லாம் அந்த ரோபோவைப் பற்றியே பேசினாள். சாப்பிடும்போதும் விடவில்லை.

"ஏனுங்க, சுடலீன்னு அதை என்ன பண்ணுவாங்க?"

"உடைச்சுப்போடுவாங்க" என்றேன்.

கதையில் அப்படி இல்லை. அவள் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது.