பன்னிரு துறைக்கும் ஒரே நிலை வைத்த பிழை

நீர் வளம் பெருகுக, நெறி தழைக்க. வெண்ணதி நாட்டின் முதலமைச்சனும் பொறிச்சாலைத் தலைவனுமாகிய இளம்பூதன், நெடுங்கரைக் கோட்டத்தை ஆளும் பூங்கோதை நாச்சியார் திருமுன் தாழ்ந்து விடுக்கும் ஓலை. தங்கள் குடிகளும் கழனிகளும் நலம் பெறுக.

வாழ்த்தோடு தொடங்கினாலும் வெட்கத்தோடு எழுதுகிறேன். ஆடி வெள்ளத்தில் தங்கள் துறையில் தோணி கவிழ்ந்து ஒன்பதின்மர் மாண்டதற்குத் துறைக்காவலர் எயினனாரே பொறுப்பென்று சிறையிடச் செய்தவன் யான். தோணியைத் தடுக்கத் துறையின் ஒளிப்பலகையைத் தாம் சிவப்பாக்கிய பின்னரே அவ்விடம் விட்டு அகன்றதாக அவர் மும்முறை முறையிட்டார். பலகை பச்சையாய் இருந்ததைப் பலரும் கண்டனரென்று கூறி அவரைப் பொய்யர் என்றேன். அவர் சொன்னது மெய்.

பன்னிரு துறைகளின் ஒளிப்பலகைகளும் ஒரே வார்ப்பில் பிறந்தவை. பலகையின் வடிவும், பொத்தானைத் தொட்டால் நிறம் மாறும் முறையும் வார்ப்புக்கு உரியன. இப்போது பச்சையா சிவப்பா என்னும் நிலையோ அந்தந்தப் பலகை தனக்குள் வைத்திருக்க வேண்டியது. பச்சை கண்டால் தோணி விடுவது நம் நாட்டுச் சட்டமாதலின் அந்நிலையில் உயிர்கள் அடங்கியுள்ளன. யானோ, பன்னிரண்டைத் தனித்தனியே பேணுவானேன் என்று மெத்தனமாய் எண்ணி, நிலையையும் பொது வார்ப்பிலேயே ஒன்றாக வைத்தேன்; பன்னிரு பலகைகளும் அந்த ஒன்றையே காட்டின. அரண்மனைக் குளக்கரையில் ஒற்றைப் பலகையை நட்டுச் சோதித்தோம். ஒன்றே இருந்தபடியால் பிழை தெரியவில்லை. யான் பரிசும் பெற்றேன்.

தோணி கவிழ்ந்த அன்று மேல்துறையில் வெள்ளம் வடிந்ததென்று அத்துறைக் காவலர் தம் பொத்தானைத் தொட, பன்னிரு பலகைகளும் பச்சையாயின. எயினனார் அப்போது முதியோரை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்பிப் பார்க்குமுன் தோணி நடு ஆற்றில் இருந்தது. சென்ற திங்கள் இரு பலகைகளை அருகருகே வைத்து ஒன்றைத் தொட்டேன், மற்றதும் மாறியது. பிறகு வழக்கோலையை எடுத்து முழுதும் படித்தேன். மாண்டவருள் ஒருத்தி எயினனாரின் மகள் என்பதை அன்றுதான் அறிந்தேன். மகளைப் பறிகொடுத்தவரைப் பொய்யர் என்றிருக்கிறேன், நாச்சியாரே.

இனி நிலை ஒவ்வொரு பலகைக்குள்ளும் பூட்டப்படும். அத்துறைக் காவலர் தொடும் பொத்தான் வழியன்றி, பேரரசரே ஆயினும் வெளியிலிருந்து அதனை மாற்ற இயலாது.

பேரரசர் முத்திரையிட்டு அருளிய ஆணையாவது: எயினனாரை இவ்வோலை கண்ட நாழிகையே விடுவிக்க. யானும் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றிப் பேரரசரிடம் ஒப்படைத்துவிட்டேன். நெடுங்கரைத் துறையில் குடிகள் கூடியிருக்க, எயினனார் முன்னிலையில், இவ்வோலையை உரக்கப் படிப்பிக்க. என் பெயர் வருமிடத்தில் ஓதுவோர் குரலைத் தாழ்த்த வேண்டா.