நன்றி சொல்லாதவன்

என் பிடிவாதக்காரனுக்கு,

கீழே கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். பீட்ரூட் சூப் வெறும் தண்ணீர்.

எனக்குக் கோபம். சற்றுமுன் வார்டு வாசலில், மேடையேறுமுன் செய்வதுபோலவே உன் பின்பக்கத்தில் முழங்காலால் இடித்து, "காலை உடைச்சுக்கோ!" என்று மேடைக்காரர்கள் வழக்கப்படி வாழ்த்தினேன். நர்ஸ் சிரித்தாள். நீயோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றாய்.

வாழ்த்துக்கு நன்றி சொன்னால் ராசி போய்விடும் என்று நம் போஸ்னான் நகரத்து ஓபரா அரங்கில் திரை இழுப்பவனுக்குக்கூடத் தெரியும். நம் கல்யாணத்தன்று மாலை உனக்கு மேடை இருந்தது. வாழ்த்திய பாதிரியாரிடமே, "நன்றி சொல்ல மாட்டேன்!" என்று அந்தக் கனத்த பாரிடோன் பாடகர் குரலில் முழங்கினாய். அம்மா மயங்கி விழாத குறை.

நீயே நன்றி சொல்கிறாய் என்றால், டாக்டர் உன்னிடம் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார். நான் கேட்கப்போவதில்லை.

மேடைக்குக் கீழே பெட்டிக்குள் உட்கார்ந்து, நீ மறந்த வரிகளையெல்லாம் எடுத்துக்கொடுத்தவள் நான். இதையும் கொடுக்கிறேன். காலையில் உன்னைத் தொண்டை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகுமுன் மறுபடி வாழ்த்துவேன். அப்போது நீ சொல்ல வேண்டியது: "நன்றி சொல்ல மாட்டேன், போடி!"

சத்தமாகச் சொல். அது ரொம்ப நாள் என் காதில் இருக்க வேண்டும்.

உன் பெட்டிக்காரி