குமிழ் கடைசி எண்ணில் இருந்தது

தோங்காங்,
மட்டிச் சந்தைத் தெரு

அன்பு மகள் யான்லிங்குக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம். உன் பயிற்சி முகாம் இருக்கும் சினிங் மலையில் குளிர் இன்னும் விட்டிருக்காது, நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நல்லபடியாக இருக்கிறாயா என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். இங்கே கடல் மட்டி வரத்து அதிகம், அப்பா விடிந்ததிலிருந்து சந்தையில் நின்றபடியே இருக்கிறார். பக்கத்து வீட்டுத் தியான் அக்கா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "உன் பொண்ணு நடைப்போட்டியில நடந்தே பேர் வாங்கிட்டா, என் பையன் கார்ல போயும் உருப்படல" என்கிறாள்.

நீ அனுப்பிய, காலுக்குக் கரண்ட் கொடுக்கிற மெஷின் வந்தது. அணிக்குப் புதுசு வந்துவிட்டது, இது அப்பாவின் கால் அசதிக்கு என்று போனில் சொன்னாயே, அவருக்குப் பெருமை தாங்கவில்லை. நீ சொன்னபடி முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், அந்த அக்குபஞ்சர் புள்ளியில் பட்டைகளை ஒட்டி சுவிட்சைப் போட்டேன். "கொன்னுட்டியேடி" என்று கத்திக்கொண்டு மனுஷர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் பார்த்தால், கரண்ட்டைக் கூட்டும் குமிழ் கடைசி எண்ணில் இருக்கிறது, நீ வைத்திருந்தபடியே.

அப்பா சிரிக்கவில்லை. "இவ்வளவு வச்சாத்தான் அவளுக்கு உறைக்குதுன்னா, அவ கால் எந்த அளவுக்கு மரத்துப் போயிருக்கும்?" என்றார். அன்று மட்டிச் சூப்பைத் தொடவேயில்லை. மெஷினை நான் குறை சொல்லவில்லை, குமிழை இரண்டில் வைத்தால் அசதி குறைந்து அப்பா நன்றாகத் தூங்குகிறார். ஆனால் உடம்பு போதும் போதும் என்கிறபோது அதன் வாயை அடைத்துவிட்டு எத்தனை தூரம் நடப்பது? தேர்வுப் போட்டி அடுத்த மாதம், இந்த நேரத்தில் தினமும் காலில் ஒட்டுகிற சாமானை யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா? புதுசு வந்தது என்கிறாய். நல்லதை மட்டும் போனில் சொல்வது நம் வீட்டு வழக்கம், நாங்களும் உன்னிடம் அப்படித்தான். எனக்குப் பயமாக இருக்கிறது லிங்.

காரணம் எதுவும் கேட்க மாட்டோம். "மெஷினை அனுப்புங்க" என்று சொன்னால் உடனே அனுப்புகிறோம், நீ தேர்வுக்கு நட. "அங்கேயே இருக்கட்டும்" என்று சொன்னால், நீ போட்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறாய் என்று எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வீடு திரும்புகிறவருக்கு நம் வழக்கப்படி நூடுல்ஸ்தானே, மாவு பிசைந்துவிடுகிறேன். தியான் அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

நடந்தாலும் நின்றாலும் நீ எங்கள் பெண், நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ராத்திரி கால்களை வெந்நீரில் வைக்க மறக்காதே. மெஷின் உன்னிடம் திரும்பி வந்தால் குமிழ் இரண்டில் இருக்கும். அது போதவில்லை என்று தோன்றினால் குமிழைத் திருப்பாதே, எனக்குப் போன் பண்ணு.

உன் அம்மா,
யூ குய்ஃபென்