புதுநன்மை வகுப்பில் நீ

பாண் விற்கும் ஓட்டோ இன்று காலை எங்கள் ஒழுங்கைக்குள் வந்து நின்றது. முதலை வடிவில் சுட்டுச் சீனி தூவிய கிம்புலா பணிசின் வாசனை வெள்ளவத்தைக் கடற்காற்றையும் மீறி மாடிவரை ஏறிவந்தது. தேநீரும் கையுமாக யன்னலடியில் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். ஞாயிறு காலைகளில் ஒரு பை நிறைய அந்தப் பணிஸ் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குள் நீ நுழைவது கண்ணில் வந்தது. நீ இல்லை என்ற செய்தி இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் நெஞ்சு திடுக்கிட்டது. இத்தனை வருடம் கழித்தும்.

நாம் இருவரும் கோட்டைப் பகுதியில் ஒரே கப்பல் கம்பனியில் தட்டெழுத்து வேலை பார்த்தோம். அடுத்தடுத்த மேசை. ஆனால் சனம் உன்னை அறிந்தது செபத்தால். உன் வெள்ளிக்கிழமைச் செபக்கூட்டத்துக்குத் தெஹிவளையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். சண்டைக் காலம். எந்த வீட்டுக்குப் போனாலும் கனடா, லண்டன், விசா என்றுதான் பேச்சு. நீ தலையில் கைவைத்துச் செபித்தால் விசா கிடைக்கும் என்றொரு கதை பரவியிருந்தது. நீ அதை மறுத்ததில்லை. உனக்கென்று முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அதில் வேறு யாரும் இருந்துவிட்டால் உன் முகம் மாறும். "பைபிளில எந்த வசனத்தையும் கேள், பாராமச் சொல்லுவன்" என்பாய் மத்தியானச் சாப்பாட்டின்போது. உன் சிநேகிதி என்பதில் எனக்கும் பெருமைதான்.

பிறகு வந்தது அந்தச் சுற்றிவளைப்பு. விடியற்காலையில் உங்கள் தெருவை மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கே மன்னார் என்றிருந்ததால் சந்தேகத்தில் உன்னைப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். உன் தங்கச்சி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். "அக்காவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றாள். ஊரெல்லாம் பிடிபட்டாலும் உன்னை ஒருவரும் தொடமாட்டார்கள் என்று நான் நம்பியிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் பங்குச் சுவாமி போய்க் கதைத்து உன்னைக் கூட்டிவந்தார்.

ஆனால் என்னை உலுக்கியது அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. கடவுள் உன்னை எப்படி மீட்டார் என்று கேட்க மண்டபம் நிறையச் சனம் வந்திருந்தது. நீ அந்தக் கதிரையில் இருக்கவில்லை. நின்றபடி, தாழ்ந்த குரலில் சொன்னாய்:

"அந்த அறைக்குள்ள எனக்கு ஒரு செபமும் வரேல்ல. பரலோக மந்திரம்கூட வரேல்ல."

'பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே' என்று பிள்ளைகள் முதன்முதல் பாடமாக்கும் செபம் அது. நீ பகிடி விடுகிறாய் என்று யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் விற்றுப் பிடிபட்ட ஒரு சிங்களப் பெண்ணும் உன்னோடு அடைபட்டிருந்தாளாம். நீ நடுங்குவதைக் கண்டு அவள் தன் மொழியில் அந்தச் செபத்தைத் தொடங்க, நீ ஒவ்வொரு சொல்லாக அவள் பின்னால் சொன்னாயாம். தீமை செய்தவர்களை மன்னிக்கிறோம் என்ற வரி வந்ததும் அவள் நின்றுவிட்டாள். அதை மட்டும் தான் சொல்வதில்லை என்றாளாம்.

"அப்பதான் யோசிச்சன். நான் சின்ன வயசில இருந்து அதைச் சொல்லிக்கொண்டு வாறன். ஒருநாளும் நினைச்சுச் சொன்னதில்லை. இனி உங்களுக்கு முன்னால நிண்டு செபிக்க மாட்டன். நான் திரும்பப் படிக்கப் போறன்."

தெஹிவளையிலிருந்து வருகிற ஓர் அம்மாவின் மகனுக்கு அந்தக் கிழமைதான் தூதரகத்தில் நேர்முகம். அவர் எழுந்துவிட்டார்.

"உமக்கே செபம் வராட்டி என்ர மகனுக்கு ஆர் செபிக்கிறது?"

"நீங்களும் நானும் சேர்ந்து கேப்பம் அக்கா. கிடைக்குமெண்டு மட்டும் நான் இனிச் சொல்லமாட்டன்."

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பாதிக் கூட்டம் அவர் பின்னால் போனது. நான் சுவரோடு ஒட்டியபடி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பப் படிப்பதென்று நீ சொன்னதை ஒரு பேச்சுக்கென்றுதான் எடுத்திருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து மறைக்கல்வி வகுப்பைக் கடந்தபோது எட்டிப் பார்த்தேன். முதன்முதலாக நற்கருணை வாங்க, புதுநன்மைக்கு ஆயத்தமாகும் சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில், முழங்கால்களை மடக்க இடமில்லாமல், பணிஸ் பையை மடியில் வைத்தபடி நீ இருந்தாய். படிப்பித்தவள் ஒருகாலத்தில் உன்னிடமே மறைக்கல்வி படித்த பெண். அவளிடம் நீ கையுயர்த்திச் சந்தேகம் கேட்டாய். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாசலில் உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கென்ன விசரே? சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். நான் இன்னும் முதல் வரியிலதான் நிக்கிறன். 'எங்கள் பிதா' எண்டா அந்த 'எங்கள்' ஆர் ஆர்? என்னைக் கொண்டுபோன பொலிஸ்காரனையும் அதுக்குள்ள விடோணும். இந்தக் கிழமை ஏலேல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரங்களில் நீ வசனம் ஒப்புவிக்கவில்லை. ஒன்றை வாசித்துவிட்டு, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று என்னிடம் கேட்பாய். அப்படி என்னிடம் யாரும் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை புறக்கோட்டைப் பக்கம் குண்டு வெடித்து எங்கள் அலுவலகக் கண்ணாடிகள் நொறுங்கின. உன் மேசை வெறுமையாக இருந்தது. பஸ் பிந்தியிருக்கும் என்று எல்லோருக்கும் சொன்னேன். பின்னேரம் உன் தங்கச்சியோடு ஆஸ்பத்திரியில் நின்றபோதும், அங்கே கிடந்தது நீதான் என்று அவள் தலையசைத்த பிறகும், பஸ் பிந்தியிருக்கும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை.

அடுத்த ஞாயிறு உன் வகுப்புக்குப் போனேன். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வழக்கமாக உன் பக்கத்தில் இருக்கும் சிறுமி என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"குண்டு வைச்ச ஆளும் அந்த 'எங்கள்' எண்டதுக்குள்ள வருவாரோ, அன்ரி?"

கேள்வி எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். அவள் தள்ளி இருந்து வாங்கில் எனக்கு இடம் விட்டாள். நான் இருந்தேன்.

சண்டை முடிந்து, கனடா போக நினைத்தவர்கள் போய், நான் இங்கேயே கிழவியாகிவிட்டேன். பதில் இன்னும் தெரியாது. ஆனால் உன்னைப்போல் நானும் அந்தச் செபத்தை நினைத்துச் சொல்லப் பார்க்கிறேன். மன்னிக்கிற வரி வரும்போது சில ஞாயிறுகளில் வாய் திறக்கிறது. சில ஞாயிறுகளில், பக்கத்தில் நிற்பவர்கள் அதைச் சொல்லி முடிக்கும்வரை காத்து நிற்கிறேன்.